எட்டாவது முடித்த பிள்ளைகள் ஒன்பதாவதுக்குப் போய்ச் சேராமல் எங்கே நிற்கிறார்கள்? (காரைக்குடி சுற்றுவட்டாரம்)

ஊருணிக்கரை எழுதியது:

கல்லல் பக்கத்தில் ஓர் ஊர். மாலை நேரத்தில் கோயில் மண்டபத்தில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கிறேன். ஊரில் எட்டாவது வரை நடுநிலைப் பள்ளி உண்டு. அதற்கு மேல் என்றால் ஏழு கிலோமீட்டர் தள்ளி இருக்கிற உயர்நிலைப் பள்ளிக்குத்தான் போக வேண்டும்.

இந்த வருஷம் எட்டாவது முடித்தவர்களில் மூன்று பேர் ஜூலை பிறந்தும் எந்தப் பள்ளியிலும் இல்லை. ஒரு பையன் திருப்பூரில் மாமாவோடு பனியன் கம்பெனியில் இருக்கிறான். இன்னொருவன் கல்யாண வீடுகளில் பந்தி பரிமாறப் போகிறான். மூன்றாவது ஒரு பெண்பிள்ளை, கணக்கில் கெட்டி. அவள் அம்மா காரைக்குடியில் பலகாரம் போடும் இடத்துக்கு விடிவதற்குள் கிளம்பிவிடுகிறார். வீட்டில் மூன்று வயதுத் தம்பி இருக்கிறான்.

யாரும் இவர்களைப் படிக்காதே என்று சொல்லவில்லை. கட்டணம் கிடையாது. புத்தகம், சீருடை இலவசம். பத்தாவது வரை மதியச் சாப்பாடும் உண்டு. அப்படியும் ஜூன் மாதத்தில் நழுவிவிடுகிறார்கள். பக்கத்து ஊர்களில் கேட்டாலும் இதே கதைதான். யாரைப் பார்த்துப் பேசினால் வேலை நடக்கும்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பினாங்குப் பேரன் எழுதியது:

பூர்விகம் கானாடுகாத்தான், இருப்பது சென்னை. படிக்கும்போதே வெட்கமாக இருந்தது. எங்கள் ஐயா காலத்தில் பர்மா, மலேயா என்று கொண்டுவிக்க, அதாவது தொழில் செய்யப் போன இடத்திலெல்லாம் மகமை என்று தர்மத்துக்கு ஒரு பங்கு ஒதுக்கி, ஊரில் கோயிலும் பள்ளிக்கூடமும் கட்டினார்கள். அண்ணாமலை செட்டியார் 1929-இல் சிதம்பரத்தில் பல்கலைக்கழகமே கொண்டுவந்தார். அழகப்பர் 1947-இல் காரைக்குடியில் கல்லூரி தொடங்கினார். மறு வருஷமே 300 ஏக்கர் நிலமும் 15 லட்ச ரூபாயும் கொடுத்து, நேருவை அழைத்து வந்து சிக்ரி என்கிற மின்வேதியியல் ஆய்வகத்துக்கு அடிக்கல் போட வைத்தார். அந்த மண்ணிலா ஒன்பதாம் வகுப்புக்குப் போக வழியில்லை என்கிறீர்கள்?

உங்கள் ஊர்ப் பள்ளியை உயர்நிலையாக்க என்ன வேண்டும்? இடமா, கட்டடமா? சொல்லுங்கள், எங்கள் ஊர்ப் புள்ளிகளிடம், அதாவது செட்டியார் குடும்பங்களிடம், பேசிப் பார்க்கிறேன்.

பழைய ஹெச்.எம். எழுதியது:

பினாங்குப் பேரன், உங்கள் மனசுக்கு நன்றி. ஆனால் கட்டடத்தில் கை வைப்பதற்கு முன் தலைகளை எண்ணிப் பாருங்கள். அந்த ஊரில் எட்டாவதில் பத்துப் பன்னிரண்டு பேர் இருந்தால் அதிகம். உயர்நிலையாக்கினால் தமிழ், ஆங்கிலம், கணக்கு, அறிவியல், சமூக அறிவியல் என்று பாடத்துக்கு ஒரு பட்டதாரி ஆசிரியர் வேண்டும். அப்படியே போட்டாலும் அடுத்த மாறுதல் கலந்தாய்வில் டவுனுக்குக் கிட்டே இடம் கேட்டு வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். அவர்களைக் குறை சொல்லவில்லை, அவர்களுக்கும் பிள்ளைகுட்டி இருக்கிறது. கணக்கு வாத்தியார் இல்லாமல் பத்தாவது எழுதுகிற பள்ளி ஊருக்குள் இருப்பதைவிட, முழு ஆள்பலத்தோடு ஏழு கிலோமீட்டரில் இருப்பதே மேல். என் கருத்து இது. சண்டைக்கு வருபவர்கள் வரலாம்.

ஊருணிக்கரை கேட்டதற்கு வருகிறேன். 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 6 வயது முதல் 14 வரை, அதாவது எட்டாவது வரைதான் பேசுகிறது. தொடக்கப் பள்ளி 1 கிலோமீட்டருக்குள், நடுநிலை 3 கிலோமீட்டருக்குள் என்று அதற்கு விதியும் உண்டு. ஒன்பதாவதுக்கு அப்படி எதுவும் சட்டத்தில் கிடையாது. அதே 2009-இல் மத்திய அரசு ஆர்.எம்.எஸ்.ஏ. என்று உயர்நிலைக் கல்விக்கு ஒரு திட்டம் கொண்டுவந்தது. 5 கிலோமீட்டருக்குள் ஓர் உயர்நிலைப் பள்ளி என்பது அதன் இலக்கு. 2018-இல் அதை ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் சேர்த்துவிட்டார்கள். சட்டத்தைக் காட்டிக் கேட்பது போலத் திட்டத்தைக் காட்டிக் கேட்க முடியாது.

இதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று இருக்கிறது. வெளியில் இருப்பவர்களுக்கு இது தெரியாது. நடுநிலைப் பள்ளி தொடக்கக் கல்வித் துறையைச் சேர்ந்தது, உயர்நிலை பள்ளிக் கல்வித் துறையைச் சேர்ந்தது. அலுவலகம் வேறு, கூட்டம் வேறு, பதிவேடும் வேறு. எட்டாவது முடித்த பிள்ளைக்கு டி.சி. கொடுத்தவுடன் எமிஸ் என்கிற கணினிப் பதிவேட்டில் அந்தப் பெயர் காமன் பூலுக்கு, அதாவது எந்தப் பள்ளியிலும் இல்லாதவர்களின் பொதுப் பட்டியலுக்குப் போய்விடும். அடுத்த பள்ளி அந்தப் பிள்ளையின் எமிஸ் எண்ணைப் போட்டு உள்ளே இழுக்கும் வரை அங்கேயேதான் கிடக்கும். கொடுத்தவரின் கணக்கில் அந்தப் பிள்ளை முடித்துவிட்டது. வாங்க வேண்டியவருக்கோ அப்படி ஒரு பிள்ளை இருப்பதே தெரியாது. வராத பிள்ளையை எந்த ஹெச்.எம். தேடிப் போவார்? அவருடைய வருகைப் பதிவேட்டில் பெயரே ஏறவில்லையே!

எங்கள் காலத்தில் எமிஸ் கிடையாது. நான் இருந்த பள்ளியில் டி.சி.யைத் தனித்தனியாக வீட்டுக்கு அனுப்ப மாட்டோம். மே மாதத்திலேயே பெற்றோரையும் சேர்த்து உயர்நிலைப் பள்ளிக்கு அழைத்துப் போய், கட்டாக ஒப்படைத்து, சேர்க்கை எண்ணை வாங்கிக்கொண்டு வருவோம். விதியில் இப்படி எங்கும் எழுதவில்லை. செய்யக் கூடாது என்றும் எழுதவில்லை.

இப்போது நீங்கள் செய்ய வேண்டியது: வட்டார வள மையத்துக்குப் போய், உங்கள் ஊர்ப் பள்ளியிலிருந்து காமன் பூலில் நிற்பவர்கள் யார் யார் என்று ஆசிரியப் பயிற்றுநரிடம் கேளுங்கள். பள்ளி செல்லாப் பிள்ளைகளைத் தேடுவது அவர்கள் வேலைதான். கேட்க ஆள் வந்தால் பட்டியலைத் திறப்பார்கள்.

டவுன்பஸ் எழுதியது:

ஹெச்.எம். சார் சொன்ன ஏழு கிலோமீட்டரை நானும் ஏற்கிறேன், பஸ் இருந்தால். எங்கள் தடத்தில் காலை வண்டி பள்ளி வாசலில் 8.20-க்கு இறக்கிவிடும். ஒன்பது மணி வரை பிள்ளைகள் மரத்தடியில் உட்கார்ந்திருக்கும். அதுகூடப் பரவாயில்லை. சாயங்காலம் பள்ளி விடுவது 4.10. திரும்புகிற வண்டி 4.05-க்கே போய்விடும். அடுத்தது 6.40. பாஸ் இலவசம்தான், பாஸ் வரத் தாமதமானால் சீருடை போதும் என்கிறார்கள், அதெல்லாம் சரி. ஐந்து நிமிஷத்துக்காக இரண்டரை மணி நேரம் ரோட்டில் நிற்பது யார்?

பத்தாவது வந்துவிட்டால் சிறப்பு வகுப்பு என்று 5.30 வரை வைப்பார்கள். அப்போது மட்டும் 6.40 வண்டி பொருந்தும். அதாவது எங்கள் ஊர்ப் பிள்ளைக்குப் பத்தாவது வசதி, ஒன்பதாவது கஷ்டம். ஒன்பதைத் தாண்டாமல் பத்து எப்படி வரும்?

பூக்கல்தரை எழுதியது:

டவுன்பஸ் அண்ணன் பஸ்ஸோடு நிறுத்திவிட்டார். பஸ்ஸை விட்டு இறங்கியதும் இருக்கிற ஒன்றரை கிலோமீட்டரை நான் சொல்கிறேன். நான் ஆத்தங்குடிக்காரி, அப்பா பூக்கல் (பூப்போட்ட தரைக்கல்) பட்டறையில் வேலை பார்த்தவர். நிறுத்தத்திலிருந்து வீடு வரைக்கும் இரண்டு பக்கமும் சீமைக்கருவேலம்தான். மழைக்காலத்தில் ஆறு மணிக்கே இருட்டிவிடும். பெரியவளான பிள்ளையை அந்த வழியில் தனியாக விட எந்த அம்மாவுக்கும் மனசு வராது. "படிக்க வேண்டாம்னு சொல்லலை, அந்த ரோட்டுல வர வேண்டாம்"னு எங்கள் ஆத்தா சொன்னார். எங்கள் தெருவில் என் வயசுப் பெண்கள் நாலு பேர் சேர்ந்து போனதால் நான் தப்பித்தேன். ஒருத்தி நின்றிருந்தால் மற்ற மூன்று பேரும் நின்றிருப்போம்.

எனக்கு ஆறாத கோபம் ஒன்று உண்டு. இலவச சைக்கிள் எப்போது கொடுத்தார்கள் தெரியுமா? பதினொன்றாவதில். வீட்டுப் பக்கத்துப் பள்ளியை விட்டுத் தூரத்துப் பள்ளிக்குப் போகத் தொடங்குவது ஒன்பதாவதில். நடுவில் இரண்டு வருஷம் நடந்தே பழகிவிட்ட பிறகு சைக்கிள் வருகிறது. பழகாதவர்கள் அதற்குள் வீட்டோடு இருந்துவிடுகிறார்கள். மற்றவற்றையும் வரிசையாகப் பாருங்கள். காலை உணவு ஐந்தாவது வரை. புதுமைப்பெண் திட்டத்தின் மாதம் 1000 ரூபாய் பன்னிரண்டாவது முடித்துக் கல்லூரிக்குப் போனபின். அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கான 7.5 சதவீத மருத்துவ இட ஒதுக்கீடு அதற்கும் மேலே. எல்லாமே நல்ல திட்டங்கள், என் தங்கையே ஒன்றில் பயன் பெறுகிறாள். ஆனால் 14 வயதில் தடுமாறி நிற்கிற பிள்ளைக்குக் கைகொடுக்க இதில் எது இருக்கிறது?

வடக்குத்தெரு எழுதியது:

கொஞ்சம் நிதானமாகப் பேசுவோமா? 2021–22 கணக்குப்படி உயர்கல்விச் சேர்க்கையில் நாடு முழுக்க நூற்றுக்கு 28.4, தமிழ்நாடு 47. 1950-களில் காமராஜர் ஊர் ஊராகப் பள்ளி திறந்தார், 1956-இல் மதிய உணவைத் தொடங்கினார், எம்.ஜி.ஆர். 1982-இல் அதைச் சத்துணவாக விரித்தார். அந்த அடித்தளத்தில் வந்த பலன் இது. மற்ற மாநிலத்துக்காரன் நம்மைப் பார்த்துப் படிக்கிறான், நாம் இங்கே உட்கார்ந்து அழுதுகொண்டிருக்கிறோம்.

பூக்கல்தரை எழுதியது:

அண்ணே, 47 என்பது மேலே போய்ச் சேர்ந்தவர்களின் கணக்கு. நாம் பேசுவது ஏறவே முடியாமல் கீழே நின்றவர்களைப் பற்றி. மற்ற மாநிலம் என்றீர்களே, பீகாரையே எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே 2006-இல் ஒன்பதாவதில் சேர்கிற பெண்பிள்ளைகளுக்குச் சைக்கிள் வாங்க 2,000 ரூபாய் கொடுத்தார்கள். கார்த்திக் முரளிதரன், நிஷித் பிரகாஷ் என்ற இரண்டு பொருளாதார அறிஞர்கள் பக்கத்து ஜார்க்கண்டோடு ஒப்பிட்டு ஆராய்ந்தார்கள். அந்தந்த வயதில் உயர்நிலைப் பள்ளியில் சேரும் பெண்பிள்ளைகள் 32 சதவீதம் அதிகரித்திருந்தார்கள். ஆண் பெண் இடைவெளி 40 சதவீதம் குறைந்திருந்தது. பள்ளி தூரமாக இருந்த ஊர்களில்தான் பலன் அதிகம். அதே சைக்கிள்தான், இரண்டு வகுப்பு முன்னாடி கொடுத்தார்கள், அவ்வளவே.

வடக்குத்தெரு எழுதியது:

சைக்கிளை ஒன்பதாவதுக்கு மாற்ற வேண்டும் என்பதில் எனக்கும் மறுப்பில்லை. ஆனால் பீகாரைப் பார்த்து நாம் கற்றுக்கொள்வதாகச் சொல்லும் நாள் வந்துவிட்டதே!

சமையல்கட்டு எழுதியது:

எல்லாரும் படிப்பு படிப்பு என்கிறீர்கள். நான் எட்டாவதோடு நின்றவன். இன்று என்னிடம் நாற்பது பேர் வேலை பார்க்கிறார்கள். கல்யாணம், சாந்தி (அறுபதாம் கல்யாணம்), படைப்பு (முன்னோருக்குப் படையல்) என்று வருஷம் முழுக்க வேலை இருக்கிறது. சிறுகூடல்பட்டிக் கண்ணதாசன் எட்டாவதுதான், அவரைவிடப் படித்தவர் யார்? பந்திக்கு வருகிற அந்தப் பையன் ஒரு நாளைக்கு என்ன வாங்குகிறான் என்று கேளுங்கள். டிகிரி முடித்துவிட்டு ஜவுளிக்கடையில் நிற்பவனைவிட அதிகம்.

ரஸ்தா எழுதியது:

அண்ணாச்சி, கண்ணதாசன் மாதிரி எழுத வந்தால் எட்டாவதே போதும், ஒத்துக்கொள்கிறேன். நான் தேவகோட்டை ரஸ்தாவில் பாஸ்போர்ட், பான் கார்டுக்கு விண்ணப்பம் போட்டுக் கொடுக்கிற கடை வைத்திருக்கிறேன். என் கடைக்கு வருபவர்களின் கதை வேறு.

பத்தாவது பாஸ் இல்லாதவருக்கு வேறு விலக்கு எதுவும் இல்லையென்றால் ஈ.சி.ஆர்., அதாவது வெளிநாட்டு வேலைக்குப் போக அனுமதி தேவைப்படும் பாஸ்போர்ட்தான். வளைகுடா நாடுகள், மலேசியா உட்பட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போகக் குடிபெயர்வோர் பாதுகாவலரிடம் அனுமதி வாங்க வேண்டும். நம் பக்கத்தில் ஆட்கள் போவது பெரும்பாலும் இந்த நாடுகளுக்குத்தான். சிங்கப்பூர் மட்டும் அந்தப் பட்டியலில் இல்லை. பெண்ணாக இருந்தால் 30 வயது ஆகியிருக்க வேண்டும். உங்களிடம் சமையல் கற்றுக்கொண்ட பையன் நாளைக்குத் துபாயில் நல்ல ஓட்டலில் வேலை கிடைத்துப் புறப்பட்டால், பத்தாவது மார்க் ஷீட் இருக்கிறவன் நேராகப் போவான், இல்லாதவன் ஏஜென்டிடம் போவான். ஏஜென்டிடம் போனவன் எவ்வளவு கொடுத்தான் என்று வாரத்துக்கு ஒருவராவது என் கடையில் வந்து சொல்லி அழுகிறார்கள்.

சமையல்கட்டு எழுதியது:

அது உண்மைதான். என் தம்பி மகனுக்கே அப்படி ஆனது. அவன் பத்தாவதில் கணக்கில் போய்விட்டான், மறுபடி எழுதவே இல்லை.

பழைய ஹெச்.எம். எழுதியது:

சமையல்கட்டு, அந்தப் பையன் இன்னும் எழுதலாம். தனித்தேர்வராகத் தோற்ற பாடத்தை மட்டும் எழுதினால் போதும், 35 மார்க் வேண்டும். ரிசல்ட் வந்த கையோடு துணைத்தேர்வு வைக்கிறார்கள். அதில் தேறினால் அந்த வருஷமே பிளஸ் ஒன் சேரலாம். இதை வீட்டில் சொல்ல ஆளில்லாமல் ஒரு பாடத்தில் நின்றுபோன பையன்கள் நம் பக்கம் எத்தனையோ பேர். பெண்பிள்ளைகளைப் பற்றியே பேசுகிறோம், அது நியாயம்தான். ஆனால் உயர்நிலை வகுப்புகளில் இடையில் நிற்பதில் தமிழ்நாட்டில் பையன்கள்தான் அதிகம். பெண்ணை ரோடு நிறுத்துகிறது, பையனைக் கூலி இழுக்கிறது.

பந்திக்குப் போகிற பையனுக்கு எத்தனை வயது என்று பாருங்கள். 14 முடியாதவனை வேலைக்கு வைப்பது 2016 திருத்தத்துக்குப் பிறகு, குடும்பத் தொழில் போன்ற சில விலக்குகள் தவிர, எந்தத் தொழிலிலும் குற்றம். 14 முடிந்துவிட்டால் அபாயமான தொழில்களுக்கு மட்டும்தான் தடை. கல்வி உரிமை 14-இல் முடிகிறது, வேலைத் தடையும் பெரும்பாலும் 14-இல் முடிகிறது. இரண்டு கதவும் ஒரே நாளில் திறந்து மூடினால் பையன் எந்தப் பக்கம் போவான்? சட்டம் எழுதியவர்கள் இதைச் சேர்த்து வைத்து யோசிக்கவில்லை என்பது என் எண்ணம்.

அந்தப் பெண்பிள்ளைக்கு இன்னொன்று. எட்டாவதில் என்.எம்.எம்.எஸ். என்கிற உதவித்தொகைத் தேர்வு எழுதியிருக்கிறாளா என்று கேளுங்கள். வீட்டு வருமானம் வருஷத்துக்கு 3.5 லட்சத்துக்குள் இருக்கிற அரசுப் பள்ளி, உதவி பெறும் பள்ளிப் பிள்ளைகளுக்கு உள்ளது. தேர்வானால் ஒன்பதாவது முதல் பன்னிரண்டாவது வரை வருஷம் 12,000 ரூபாய் வங்கிக் கணக்கில் வரும். பூக்கல்தரை கேட்டாரே, 14 வயதில் கைகொடுப்பது எது என்று. எனக்குத் தெரிந்து இது ஒன்றுதான் சரியான வயதில் வருகிறது. ஆனால் ஒன்பதாவதில் சேர்ந்தால்தான் பணம் வரும், தேர்வாகியும் சேராமல் இழந்தவர்கள் உண்டு.

பினாங்குப் பேரன் எழுதியது:

கட்டட யோசனையை விட்டுவிட்டேன். அப்படியானால் வேன் வைக்கலாமா? மூன்று நான்கு ஊர்ப் பிள்ளைகளைச் சேர்த்து ஏற்றிக்கொண்டு போய் விட்டுக் கூட்டிவருகிற மாதிரி. டீசலும் டிரைவர் சம்பளமும் எங்கள் பொறுப்பு.

டவுன்பஸ் எழுதியது:

முதல் இரண்டு வருஷம் நன்றாக ஓடும். அப்புறம் கொடுப்பவர் வெளிநாடு போவார், அல்லது வண்டிக்கு எஃப்.சி. (தகுதிச் சான்று) எடுக்கிற நேரம் வரும், நின்றுபோகும். வேனை நம்பி ஒன்பதாவதில் சேர்ந்தவள் பத்தாவதில் நடுத்தெருவில் நிற்பாள். அரசு பஸ்ஸை ஐந்து நிமிஷம் தள்ளிப் போட வைத்தால் செலவே இல்லை. உங்களுக்குச் செய்யத்தான் வேண்டும் என்றால், நிறுத்தத்திலிருந்து ஊர் வரைக்கும் சோலார் விளக்கு போட்டுக் கொடுங்கள். பஞ்சாயத்திடம் பேசிப் பராமரிப்பையும் சேர்த்து எழுதி வாங்குங்கள்.

பழைய ஹெச்.எம். எழுதியது:

ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வியிலேயே பள்ளி இல்லாத குடியிருப்புப் பிள்ளைகளுக்குப் போக்குவரத்துப் படி உண்டு. 2021-க்குப் பிறகு உயர்நிலைக்கும் வருஷம் 6,000 ரூபாய் வரை கொடுக்கலாம் என்று விரித்தார்கள். உங்கள் ஊர் அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று வள மையத்தில் அதையும் கேளுங்கள். 2024–25-இல் மத்திய அரசு தமிழ்நாட்டுக்கு 2,152 கோடி ரூபாயை நிறுத்தி வைத்தது இந்தத் திட்டத்துப் பணம்தான். டெல்லிக்கும் சென்னைக்கும் நடந்த அந்த வழக்கைப் பற்றி டி.வி.யில் பேசியவர்கள் யாரும் இந்தப் படியைப் பற்றிப் பேசி நான் கேட்கவில்லை.

ஊருணிக்கரை எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. வள மையத்துக்குப் போனேன். பட்டியலைத் திறந்து காட்டினார்கள். மூன்று பேரும் காமன் பூலில்தான் நிற்கிறார்கள், ஹெச்.எம். சார் சொன்னது போலவே. பக்கத்து ஊர்ப் பெயர்களும் அதில் இருந்தன, அந்த ஊர் ஆட்களுக்குச் சொல்லி அனுப்பியிருக்கிறேன்.

பெண்பிள்ளையின் அம்மாவிடம் இரண்டு தடவை பேசினேன். டி.சி.யைப் பத்திரமாகப் பெட்டியில் வைத்திருக்கிறார். "தம்பியை யார் பார்ப்பா?" என்பதுதான் அவர் கேள்வி. அங்கன்வாடியில் விடலாம், அது மதியத்துக்கு மேல் கொஞ்ச நேரம் வரைதான். அவர் வீடு திரும்ப நாலரை ஆகிறது. அந்த இடைவெளியில் பக்கத்து வீட்டு ஆயா பார்த்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார், அவருக்கும் வயதாகிறது. எவ்வளவு நாள் ஓடும் என்று தெரியாது. என்.எம்.எம்.எஸ். எழுதியிருக்கிறாள், தேர்வாகவும் செய்திருக்கிறாள்! பணம் வரும் என்பது அந்த அம்மாவுக்குத் தெரியாது. அதைச் சொன்ன பிறகுதான் பெட்டியைத் திறந்தார். திங்கட்கிழமை நானும் கூடப் போய்ச் சேர்த்துவிட்டேன்.

பந்திப் பையன் முகூர்த்த நாளில் போவேன், மற்ற நாளில் வருவேன் என்கிறான். உயர்நிலைப் பள்ளி ஹெச்.எம்.மிடம் கேட்டால் வருகைப் பதிவு எழுபத்தைந்து சதவீதம் வேண்டும் என்கிறார். ஆவணி வரட்டும், பார்ப்போம் என்று இருக்கிறது. திருப்பூர்க்காரன் போனை எடுக்கவில்லை.

சமையல்கட்டு எழுதியது:

அந்தப் பையன் எந்தக் குரூப்பில் வருகிறான் என்று தனியாகச் சொல்லுங்கள். சனி ஞாயிறுக்கும் ராத்திரிச் சாப்பாட்டுக்கும் மட்டும் கூப்பிடச் சொல்லி நான் பேசுகிறேன். வயதையும் கேட்டுக்கொள்கிறேன்.

டவுன்பஸ் எழுதியது:

ஊருணிக்கரை, தட எண்ணும் இரண்டு வண்டிகளின் நேரமும் அனுப்புங்கள். மனு ஒன்று பள்ளி மேலாண்மைக் குழுத் தீர்மானத்தோடு போக வேண்டும், ஒன்று ஆகஸ்ட் 15 கிராம சபையில் வைக்க வேண்டும். கிராம சபைத் தீர்மான நகல் இருந்தால் பணிமனையில் மேசையைத் தாண்டும். 4.05 வண்டியை 4.25-க்கு மாற்றச் சொல்லிக் கேட்போம், 4.15 என்று கேட்டால் வாசலில் ஓடிவந்து ஏற நேரம் இருக்காது. அந்த வண்டி அடுத்து எந்த ஊர்ப் பள்ளியைத் தாண்டிப் போகிறது என்பதையும் எழுதுங்கள், அங்கே இருப்பவர்களுக்கு இடைஞ்சல் ஆகிவிடக் கூடாது.